'ஜுர டாக்டர்' மாலினி

ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது என் மகள் அபியிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவள் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் முதுகலை நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். தேர்வறைக்குள் போனை விட மாட்டார்கள். அதனால் அவள் பெயரைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, மாலினி ஆன்ட்டி போயிட்டாங்கம்மா."

"எந்த மாலினி?" என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாலினிதான். இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

"நம்ம மாலினி ஆன்ட்டிம்மா. விடிகாலைல நெஞ்ச அடைக்குதுன்னாங்களாம். அங்கிள் வண்டிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. நான் வந்து பாத்தப்போ ஒண்ணுமே இல்லம்மா."

"நீ வந்து பாத்தியா? நீ எங்க இருக்க?"

"திண்டிவனத்துலதான் இருக்கேன். நீ கெளம்பி வா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மதியத்துக்குள் நம் மருத்துவக் கல்லூரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. 'ஏழைகளின் மருத்துவர்', 'சேவையின் மறு உருவம்' என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக வந்தது. முதலில் உங்கள் மீது, அப்புறம் என் மீது. உயிரோடு இருந்தபோது நாம் அவளைக் கூப்பிட்ட பெயர் வேறு. இந்த ஆண்டு ஒன்றுகூடல் மலருக்கு அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அவளை அறிந்த உங்களிடம் நான் மழுப்ப முடியாது. அவளை அறியாத உங்கள் பிள்ளைகளும், மருத்துவம் படிக்கிறவர்கள் பல பேர், இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

முழுப்பெயர் ஜ்வாலாமாலினி. மேல்சித்தாமூரில் நிலம் வைத்துப் பயிர் செய்த ஜைனக் குடும்பம். விடுதியில் சேர்ந்த முதல் நாள், சீனியர் அக்கா ஒருத்தி அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மாலினி அசையவில்லை. "எங்க ஊர்ல கும்புடற அம்மன் பேருக்கா. சிரிச்சி முடிச்சிட்டு ஒரு தடவ சரியா சொல்லிப் பாருங்க" என்றாள். அக்கா தடுக்கித் தடுக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுருக்கி மாலினி என்று வைத்துவிட்டுப் போனாள். அவள் வீட்டு வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவாள். மெஸ் திறப்பதற்கு வெகு முன்பே சமையல்கட்டுக்குள் நுழைந்து, பாதி வெந்த குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவாள். கோழி அடையும் நேரத்தில் சாப்பிடுகிறாள் என்று நாம் கேலி செய்வோம். நாம் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்கார்ந்து கதை பேசுவாள். யார் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

முதுகலையில் அவளுக்குக் கண் மருத்துவம் கிடைத்தது. நம்மில் பாதிப் பேர் அந்த இடத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தோம். அவள் அதை விட்டுவிட்டுக் குடும்ப மருத்துவத்தில் சேர்ந்தாள். கேன்டீனில் உட்கார்ந்து நாம் அவளை உலுக்கி எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். "அதெல்லாம் ஒரு கோர்ஸாடி? அதைப் படிக்காமலே ஊரெல்லாம் அதைத்தானே பண்றாங்க?" என்று கேட்டது நான். "கண்ண எடுத்தா கண்ணோட நிக்கணும்டி. எனக்கு ஆள் முழுசா வேணும்" என்றாள். "முழுசா என்ன பாப்ப? ஜுரம் பாப்ப. ஜுர டாக்டர்!" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், அவளும் சிரித்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை வைத்தது நான் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு அவள் திண்டிவனத்தில் கிளினிக் போட்டாள். நான் விழுப்புரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கப் போனேன். எங்கள் கல்லூரியில் பிரிவு உபசார விழாவில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பை முடித்துப் போகும் மாணவர்களுக்கு, யார் எந்தத் துறைக்குப் போவார்கள் என்று ஜூனியர்கள் கேலியாகப் பட்டம் கொடுப்பார்கள். எலும்பு முறிவுக்குப் போகிறவனுக்குச் சுத்தியல், தோல் மருத்துவத்துக்குப் போகிறவளுக்கு ஃபேர்னஸ் கிரீம். எதுவுமே கிடைக்காது என்று அவர்கள் முடிவு கட்டிய ஒருவனுக்கு, பாராசிட்டமால் பட்டைகளைக் கோத்த மாலை. 'குடும்ப டாக்டர் விருது' என்று அதற்குப் பெயர். மேடைக்குக் கூப்பிட்டு மாலையைப் போடும்போது கூரை பிய்ந்துகொண்டு போகும் அளவுக்குச் சிரிப்பு வரும். விழாவுக்குப் பொறுப்பான ஆசிரியை நான்தான். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு வருடம் மாலினியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தேன். மாலை வரப்போகிறது என்பதே எனக்கு நினைவில்லை. பெயரை அறிவித்ததும் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு மேடைக்கு வந்தான். சிரிப்பு அடங்குவதற்குள் மாலினி எழுந்து போய், "தம்பி, இது என்னுதுப்பா" என்று தன் கழுத்தை நீட்டினாள். மாலையோடு நின்ற மாணவிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. "போடும்மா. போடறதுக்கு முன்னாடி எக்ஸ்பயரி தேதி பாத்தியா?" என்றாள். அவள் கழுத்திலேயே போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டே முழுப் பேச்சையும் பேசினாள். கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, "மேம், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சிக்கிட்டா எதையுமே முழுசா தெரிஞ்சிக்க முடியாதே?" என்று கேட்டான். நல்ல பையன், மனதில் பட்டதைக் கேட்டான். அவளும் கோபப்படவில்லை. "வியாதிய நீ முழுசா தெரிஞ்சிக்க. அந்த வியாதி யார் வீட்டுக்கு வந்திருக்குதுன்னு நான் தெரிஞ்சி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் வேணும்ல?" என்றாள். மாலையை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கிளினிக் ஆணியில் மாட்டி, ஒவ்வொரு பட்டையாக நறுக்கி, ஜுரத்தோடு வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தாள். அடுத்த வருடமும் மாணவர்கள் மாலை கோத்தார்கள். நான் தடுக்கவில்லை. அவளை மறுபடி கூப்பிடவும் இல்லை.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது தப்பே செய்யாதவர்களாக எழுதிவிடுகிறோம். மாலினி தப்பும் செய்திருக்கிறாள். பிரம்மதேசத்துப் பக்கம் களை எடுக்கப் போகும் கன்னியம்மா என்ற பெண் மேல்வயிற்று எரிச்சல் என்று வந்தபோது, வாயு என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். அது இதயத்திலிருந்து வந்த வலி. மறுபடி வலி வந்து கன்னியம்மா வியர்த்து விறுவிறுத்து வந்தபோது, இவளே ஆம்புலன்ஸில் கூட உட்கார்ந்து விழுப்புரத்தில் என் வார்டுக்குக் கொண்டுவந்தாள். கன்னியம்மாவின் மகன் முன்னால், என் மாணவர்கள் முன்னால், "மொத நாளே புடிச்சிருக்கணும். நான் தப்பா பாத்துட்டேன்" என்றாள். என் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளைத் தனியே இழுத்துப் போய், "ஆளுங்க எதிர்ல ஏண்டி இப்படிச் சொல்ற? உனக்கு பேஜாரா போயிடும்" என்றேன்.

"ஒன் தப்பு கேஸ் ஷீட்டுக்குள்ள படுத்துக்கினு இருக்கும். என் தப்பு மார்க்கெட்டுல கத்திரிக்கா வாங்கிக்கினு எதிர்ல வரும்டி. அப்போ மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது?"

கன்னியம்மா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் மறுபடி மாலினியிடம்தான் போனார். அதைவிட்டு என் மாணவர்கள் பிடித்துக்கொண்டது வேறு. அன்று டீ குடிக்கும்போது ஒருத்தி, "இதுக்குத்தான் மேம் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னு சொல்றது" என்றாள். நான் தலையாட்டினேன். தன் தப்பை இப்படி வாய்விட்டுச் சொல்லும் டாக்டரை அவர்கள் முதல்முறையாகப் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மாலினிக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. தனக்குப் பிறகு அந்த கிளினிக்கில் உட்கார ஒரு ஆள் வேண்டும். போன் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்பாள், "என்னாடி, ஒருத்தராவது கை தூக்கனாங்களா?" இறுதியாண்டு வகுப்பில் நான் வருடா வருடம் யார் யார் எந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறீர்கள் என்று கை தூக்கச் சொல்வது அவளுக்குத் தெரியும். "இந்தத் தடவை இல்ல, அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்பேன். நான் அதை எப்படிக் கேட்பேன் என்று அவளிடம் சொன்னதில்லை. ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் எல்லாம் முடிந்து, கைகள் எல்லாம் இறங்கிய பிறகு, லேசாகச் சிரித்துக்கொண்டு, "அப்புறம், ஃபேமிலி மெடிசின்?" என்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எந்தப் பிள்ளை கை தூக்கும்?

என் பிள்ளை தூக்கினாள். அபி பயிற்சி மருத்துவராக இருந்தபோது விடுமுறை நாட்களில் மாலினியின் கிளினிக்குக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். வந்து கதை கதையாகச் சொல்வாள். ஓமந்தூரில் வேர்க்கடலை பயிரிடும் ஒரு விவசாயிக்கு எவ்வளவு மாத்திரை கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவே இல்லையாம். மாலினி மாத்திரையைக் கூட்டாமல், "ஒங்க தம்பி எப்படி இருக்காரு?" என்று கேட்டிருக்கிறாள். "அவனுக்கும் இதே வியாதிதாங்களே. மல்லாட்ட புடுங்கற நேரம், ரெண்டு பேரும் எதுக்கு வேலையக் கெடுத்துக்கினு வரணும்? நான் வாங்கிக்கினு போறதுல பாதிய அவன் துன்றான்" என்றாராம். தம்பியின் இரத்த அழுத்தமும் பாதிதான் இறங்கியிருந்ததாம். அபி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயா இருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?" என்றாள். "மாத்திரைய ஏத்தியிருப்பேன்" என்றேன். உண்மை அதுதான்.

அவளுடைய முதல் நுழைவுத் தேர்வில் நான் எதிர்பார்த்த ரேங்க் வரவில்லை. பொது மருத்துவம் கிடைக்காது, குடும்ப மருத்துவம் தாராளமாகக் கிடைக்கும். எனக்கு முகம் செத்துப்போனது. அபிக்கு ஒரே சந்தோஷம். "நான் கேட்டதே அதுதானேம்மா" என்றாள். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாருடைய பிள்ளைக்காவது முதுகலை இடம் கிடைத்தால் ஸ்வீட் டப்பா வரும். துறையின் பெயரைச் சொல்லித்தான் டப்பாவைத் திறப்பார்கள். ரேடியாலஜி என்றால் நெய் மணக்கும் டப்பா. அதற்குக் கீழே இறங்க இறங்க டப்பா சிறுத்துக்கொண்டே வரும். சில பிள்ளைகளுக்கு டப்பாவே வராது, நாங்களும் கேட்க மாட்டோம். 'ஃபேமிலி மெடிசின்' என்று சொல்லிக்கொண்டு நான் எந்த டப்பாவைத் திறப்பது? பெற்ற பெண்ணின் வாழ்க்கையை நான் இந்தக் கேள்வியில்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அபி என் பேச்சைக் கேட்க மாட்டாள் என்று தெரிந்து மாலினிக்கு போன் செய்தேன்.

"நீதான்டி சொல்லணும். நீ சொன்னா கேப்பா. இன்னொரு தடவ எழுதிப் பாரு, நல்ல மூளைய வீணாக்காதன்னு ஒரு வார்த்த சொல்லுடி."

யாரிடம் எதைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண் மருத்துவத்தை விட்டு வந்தவளிடம், ஆள் தேடிக் களைத்துப் போனவளிடம், கை தூக்கிய ஒரே பிள்ளையை நீயே திருப்பி அனுப்பு என்று கேட்டேன். அந்தப் பக்கம் கிளினிக்கில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருந்தது.

"சரிடி. சொல்லிடறேன்" என்றாள். பிறகு, "நீ சாப்ட்டியா?" என்றாள்.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வந்த காரியம் முடிந்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு வலி அப்போதே இருந்ததா, அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இதய நோயைப் பற்றி வாரம் தவறாமல் பாடம் எடுக்கிறவள் நான்.

மாலினி சொன்னாள். அபியும் மறுபேச்சு பேசாமல் பயிற்சியில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் காலை ரயிலில் சென்னைக்குத் தேர்வு எழுதப் போனாள். போகிறாள் என்று நான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு நான் திண்டிவனம் போய் இறங்கியபோது தெரு முனைவரை ஆட்கள் நின்றிருந்தார்கள். மாலினியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் கணவர் ஜினதாஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர், தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அபியைத் தேடினேன். கூடத்தை ஒட்டிய கிளினிக் அறையில், மாலினியின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கிழவரின் கையில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மாத்திரை தீர்ந்துபோய் வந்தவர்கள் சாவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கி நிற்க, ஜினதாஸ்தான் அவர்களைப் பார்த்து அனுப்பும்படி அபியிடம் சொன்னாராம்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார் கன்னியம்மா. "பெரிய டாக்டரம்மா, நல்லா கீறீங்களா? அது ஒங்க பொண்ணாமே? ஞாயித்துக்கெழம ஆனா அதுதாங்க எங்கள பாக்குது. அம்மா பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருப்பாங்க. எனக்கப்புறம் இவதான்னு சொல்லிக்கினே இருந்தாங்களே" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அவர் அழுதது ஒன்றுக்கு, நான் அழுதது இன்னொன்றுக்கு.

பொழுது இருக்கும்போதே எல்லாம் முடிந்தது. திரும்பி வரும் வழியில் அபியிடம், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டிதான் வேணாம்னாங்க. சொன்னா நீ அவங்ககிட்ட சண்டைக்குப் போவியாம். இத்தன வருஷ சிநேகம், கெடுக்காதன்னாங்க."

"அவ உன்னை மறுபடி எழுதச் சொன்னாளே?"

"அது உன் பேச்சுன்னு அன்னிக்கே தெரியும்மா. மூளைய வீணாக்காதன்னு ஆன்ட்டி சொல்வாங்களா? என் மூஞ்சியப் பாக்காம செவுத்தப் பாத்து சொன்னாங்க. சொல்லி முடிச்சிட்டு, 'சரி, சொல்லியாச்சி. ஞாயித்துக்கெழம வர்றியா?'ன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே மறுபடி அழுகையும் வந்தது. நான் கேட்டதை அவள் எனக்காகச் செய்தாள். பிறகு எனக்குத் தெரியாமல் அதைச் சரியும் செய்துவிட்டாள். எனக்குத் தெரிந்தால் நான் அவமானப்படுவேன் என்று அதையும் மறைத்தாள். என் குடும்பத்துக்கும் அவள்தான் டாக்டராக இருந்திருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நாள் கிடைத்திருந்தால் என்று எழுதத் தோன்றுகிறது. எத்தனையோ நாட்கள் கிடைத்தன. நான்தான் கேட்கவில்லை.

போன வாரம் இறுதியாண்டு வகுப்பில் வழக்கம்போல் கை தூக்கச் சொன்னேன். இந்த முறை முதல் கேள்வியாக, சிரிக்காமல், "ஃபேமிலி மெடிசின்?" என்றேன். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை. முன்னால் படித்துப் போனவர்கள் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். ஒரு நாளில் அது போகாது. இந்த வருடப் பிரிவு உபசாரத்தில் அந்த மாலை இருக்காது என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

வரும் கலந்தாய்வில் எந்த ரேங்க் வந்தாலும் குடும்ப மருத்துவத்தைத்தான் எடுக்கப் போவதாக அபி சொல்லிவிட்டாள். அதுவரை மாலை நேரங்களில் திண்டிவனத்தில் உட்காருகிறாள். முழு மனதோடு சரி என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் சொன்னதும் என் வாய் வரை வந்தது பழைய வார்த்தைதான். மூளை, வீண், எல்லாம் அப்படியே வரிசையாக வந்து நின்றன. விழுங்கிக்கொண்டேன்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று சொல்லி முடிக்க வேண்டும். அவளுடைய ஸ்டெதாஸ்கோப் அபியிடம் இருக்கிறது, அது அங்கேதான் இருக்க வேண்டும். எனக்கு மிச்சம், அவள் கடைசியாகக் கேட்டு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்ட அந்தக் கேள்விதான். வேறு என்ன பேசுவதென்று தெரியாதபோது இப்போது அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நேற்று விளக்கு வைத்த பிறகு அபிக்கு போன் செய்தேன். கலந்தாய்வைப் பற்றிக் கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, "நீ சாப்ட்டியா?" என்றேன்.

"இருட்டறதுக்குள்ளயே சாப்ட்டாச்சும்மா. வெளிய ஆளுங்க குந்திக்கினு இருக்காங்க, வெக்கறேன்."